நான் அழித்த மஞ்சள் வரிசை

என் தங்கச்சி வீட்டுக்காரர் நன்றாக இருக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என்னைவிட நன்றாக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். இதை இப்படிப் பச்சையாக எழுதுவதற்கே எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

நான் ஈப்போவில் இருந்துகொண்டு கம்பெனிகளுக்கு டேட்டா ஆலோசகனாக வேலை பார்க்கிறேன். ஒரு கம்பெனி தன்னிடம் குவிந்து கிடக்கும் விவரங்களை எப்படிச் சேர்த்து வைப்பது, அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம், எந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு உதவும், எதற்கு உதவாது என்று சொல்வதுதான் என் தொழில். பதினொரு வருடமாகச் செய்கிறேன். ஆரம்பத்தில் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கப் பார்த்துத் தோற்றுப்போனேன். கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் எவன் சம்பளம் கொடுக்கிறான் என்று பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வருத்தமில்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்களில் இந்தத் தொழிலுக்கு நான் ஒருவன்தான் என்பதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

அந்தச் சுகத்தைத்தான் மாப்பிள்ளை கெடுத்தார். அவர் முன்பு இன்சூரன்ஸ் விற்றார், பிறகு தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்றார். புந்தோங்கில் முறுக்கும் கடலையும் வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளை. ரப்பர்த் தோட்டத்து மண் காலில் பட்டதில்லை. ஆனால் யாரைப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் அவர்கள் வீட்டில் யாருக்கு முட்டிவலி என்பதுவரை தெரிந்துகொண்டுவிடுவார். ஆறு வாரம் ஆன்லைனில் ஏதோ ஒரு கோர்ஸ் படித்தார். ஏழாவது வாரம் அவருடைய கார்டில் ஏஐ ஆலோசகர் என்று அச்சாகியிருந்தது. கிளினிக் கவுண்டரில் இருந்த என் தங்கச்சியும் வேலையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டாள்.

முதலில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் தண்ணீர் மெஷினுக்குத் திரும்பிவிடுவார் என்று மனைவியிடம் சொன்னேன். அப்புறம் கமுந்திங் விஷயம் நடந்தது. அங்கே ஒரு தொழிற்சாலைக்கு நான் நாற்பது பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதமாகக் காத்திருந்தேன். அந்த வேலை அவருக்குப் போனது. அந்தத் தொழிற்சாலையில் ஏற்கெனவே தண்ணீர் மெஷின் மாட்டியிருக்கிறார். காவலாளியிலிருந்து மேனேஜர்வரை பழக்கமாம். தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வந்து, எல்லாம் உங்க ஆசீர்வாதம்தான் மச்சான் என்றார். அதில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அன்றைக்கு அவர் கொண்டுவந்த நெய்யுருண்டையை நான் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு இணையத்தில் அவருடைய தொழில் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். இன்றைக்கு எந்தக் கம்பெனி மேனேஜரோடு நின்று படம் போட்டிருக்கிறார், யார் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படிப்பேன். விருப்பம் மட்டும் போட மாட்டேன். யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதை அந்தப் பக்கம் அவருக்குக் காட்டிக்கொடுக்கும் என்று மூன்று மாதம் கழித்து என் மனைவிதான் சொன்னாள். டேட்டா ஆலோசகனுக்கு அது தோன்றவில்லை.

மனைவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் பேங்கில் கிராணியாக, கணக்கு எழுதும் வேலையில், இருந்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். அன்றிலிருந்து என் வேலையில் பாதி அவளுடையது. கம்பெனிகள் அனுப்பும் விவரம் எதுவும் சுத்தமாக வராது. ஒரே ஆள் மூன்று இடத்தில் இருப்பான், பிறந்த தேதி நாளைக்கு என்றிருக்கும், கிலோவும் டன்னும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதையெல்லாம் சமையலறைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவள்தான் சரிசெய்வாள். சரிசெய்ய முடியாமல் சந்தேகமாக இருப்பதைக் கடைசியில் மஞ்சள் நிறத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை போட்டு, அதில் கேள்வியாக எழுதிவைப்பாள். நான் கம்ப்யூட்டரில் கணிப்பு மாடலை ஓட்டுவதற்கு முன்னால் அந்த மஞ்சள் வரிசையை அழித்துவிடுவேன். மாடலுக்கு எண் வேண்டும், கேள்வி வேண்டாம். நேரம் இருந்தால் அழிப்பதற்கு முன் படிப்பேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

போன வருடம் சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய ரப்பர்த் தோட்டம். மரத்தையெல்லாம் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு ரொம்பக் காலமாகிறது. நான் பிறந்த தோட்டம் அங்கிருந்து இருபது நிமிடத் தூரம். எந்தப் பகுதிக்கு எத்தனை ஆள் தேவை, யார் அதிகப்படி என்பதைச் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கண்டுபிடித்துத் தர வேண்டும். அதிகப்படி என்று வருகிறவர்களுக்கு வேலையும் இல்லை, தோட்டத்து வீடும் இல்லை. மேனேஜர் ஒரு மலாய் அம்மா, கறாரான ஆள். இரண்டு ஆலோசகர்களிடம் ஒரே விவரத்தைக் கொடுப்பேன், மூன்று வாரம் கழித்து இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து காட்டுங்கள், நன்றாகச் செய்தவருக்கு மூன்று வருட வேலை என்றார். இன்னொரு ஆலோசகர் யார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் மாப்பிள்ளையே போன் பண்ணி, அது தான்தான் என்று சொன்னார். ஒரே வண்டியில் போகலாமா என்றும் கேட்டார். எனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

இதில் மட்டும் தோற்கக் கூடாது என்று முடிவு கட்டினேன். கமுந்திங் போனால் போகட்டும். தோட்டம் என் இடம். திட்டத்தின் முதல் பக்கத்திலேயே, நான் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவன் என்று இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் கால்சட்டையோடு நான் நிற்கும் பழைய படத்தையும் ஒட்டினேன். முறுக்கு வியாபாரியின் மகன் இதற்கு எங்கே போவார் என்று நினைக்கும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

விவரம் வந்தது. காலையில் பெரட்டு எடுத்து ஆள் எண்ணும்போது யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்பது ஒரு கோப்பு. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்கள் போனில் பதியும் குலைக் கணக்கு இன்னொரு கோப்பு. எந்த ஆள் எத்தனை குலை வெட்டினார், எத்தனை மூட்டை உதிரிப்பழம் சேர்ந்தது என்று ஆள்வாரியாக இருக்கும். இரண்டையும் இணைத்தால் யார் வேலை செய்கிறார், யார் சும்மா வந்துபோகிறார் என்பது தெரிந்துவிடும். மனைவி ஒன்பது நாளில் சுத்தம் செய்து கொடுத்தாள். கொடுக்கும்போது ஏதோ சொல்ல வந்தாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், எல்லாம் கோப்பில் இருக்கிறதுதானே என்று கேட்டேன். இருக்கு என்றாள். மஞ்சள் வரிசையை அழித்துவிட்டு மாடலை ஓட்டினேன்.

முடிவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தேழு பேர் ஒருநாள் தவறாமல் பெரட்டுக்கு வருகிறார்கள். ஆனால் அவர்கள் பெயரில் ஒரு குலை இல்லை, ஒரு மூட்டை இல்லை. வருடம் முழுக்கச் சைபர். அவ்வளவு சுத்தமான முடிவு இந்தத் தொழிலில் எப்போதாவதுதான் வரும். இருபத்தேழு பெயரையும் ஒரே பக்கத்தில் சிவப்பில் போட்டு, அதற்குத் தலைப்பும் கொடுத்தேன். மாப்பிள்ளை இந்நேரம் தோட்டத்தில் போய் மண்டோரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பிறகு தெரிந்தது, உண்மையாகவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

காட்டும் நாளில் தோட்ட ஆபீசில் நான்தான் முதலில் பேசினேன். நன்றாகவே பேசினேன். லயத்துப் படத்தைப் பார்த்து மேனேஜர் புன்னகை செய்தார். சிவப்புப் பட்டியல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தப் பக்கத்தை மட்டும் இப்போதே எனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் அங்கிருந்தே அனுப்பினேன்.

அடுத்து மாப்பிள்ளையும் தங்கச்சியும் எழுந்தார்கள். முதல் பக்கத்தில் தங்கச்சி பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது. பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று மனதுக்குள் ஒரு கேலி ஓடியது. எழுத்து பெரிதும் சிறிதுமாக இருந்தது, படம் ஒன்று கோணலாக நின்றது. எனக்குத் தெம்பு வந்தது. அப்புறம் அவர் ஒரு போட்டோவைக் காட்டினார். செம்பனை மரத்தடியில் ஒரு ஆள் நீளக் கழியால் குலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு பெண் குனிந்து உதிரிப்பழத்தைப் பொறுக்கி மூட்டையில் போடுகிறாள். இந்த மூட்டை யார் பெயரில் பதிவாகும் என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நிரையில், ஒரே மரவரிசையில், வேலை செய்தால், வெட்டிய குலையும் பொறுக்கிய மூட்டையும் எல்லாம் புருஷன் பெயரில்தான் பதியும். செக்ரோல் என்கிற கூலிக் கணக்குப் புத்தகம் இருந்த காலத்திலிருந்தே மண்டோர்களின் வழக்கம் அது. போன் வந்த பிறகும் அதே வழக்கம் போனுக்குள் போய்விட்டது. தமிழர்களானாலும் சரி, இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களானாலும் சரி, எல்லா ஜோடிக்கும் அப்படித்தான். பெரட்டில் இருவருக்கும் பெயர் உண்டு. மூட்டையில் ஒருவருக்குத்தான் உண்டு. சைபர் வாங்கிய இருபத்தேழு பேரும் கல்யாணமான பெண்கள்.

எனக்கு இது தெரியாதா? என் அம்மாவுக்குத் தனி நிரை இருந்ததில்லை. அப்பாவின் நிரையில் பாதி மரத்துப் பட்டையை அம்மாதான் சீவினார், பால் எடுத்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். ஸ்டோரில் நிறுக்கும்போது பால் அப்பா பெயரில் ஏறும். அந்த வரிசையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் நின்றிருப்பேன். வருடம் முழுக்கச் சைபர் என்று அம்மாவைச் சிவப்பில் போடுவதற்கும் நான் இப்போது செய்ததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லாமல்தான் கேட்டார். நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். அப்போதும், அந்த நிலையிலும், எனக்குள் முதலில் எழுந்தது வெட்கமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இவருக்கு எப்படித் தெரிந்தது, தோட்டம் பார்க்காத இவருக்கு எப்படித் தெரிந்தது என்கிற எரிச்சல்தான் எழுந்தது. வெட்கம் காரில் ஏறிய பிறகுதான் வந்தது.

வாசலில் மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார்.

"மச்சான், பட்டியலை இப்பவே வாபஸ் வாங்கிட்டு இன்னொரு ஈமெயில் போட்டுருங்க. அந்தம்மா மேலிடத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி. அப்புறம் சாப்ட போலாம்."

ஈமெயில் போட்டேன். சாப்பிடப் போகவில்லை.

சித்தியவானிலிருந்து ஈப்போ வரும்வரை ஒரே யோசனைதான். அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மண்டோர் தானாகச் சொல்லமாட்டான். வழக்கமாகச் செய்வதை எவனும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. அந்தக் கோப்பைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் நானும் மனைவியும்தான். மனைவியும் தங்கச்சியும் வாரம் மூன்று தடவை போனில் பேசுவார்கள். பாதி வழி தாண்டும்போதே முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டில் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டேன். நீதானே சொன்னாய் என்று கேட்டேன். என் சோற்றைத் தின்றுகொண்டு அவனுக்கு உளவு சொல்கிறாயா என்றும் கேட்டேன். அந்த வார்த்தையை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் எனக்குக் கொடுத்த கோப்பின் பிரதியைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினாள். மஞ்சள் வரிசை முழுசாக இருந்தது. இருபத்தேழு வரியிலும் ஒரே கேள்வி. இவங்க எல்லாரும் கல்யாணம் ஆனவங்க. புருஷன் கணக்கு மத்த ஆம்பளைங்களவிட ரொம்பக் கூட வருது. ரெண்டு பேர் வேலையும் ஒரே பேர்ல போட்டுட்டாங்களா? தோட்டத்துல கேட்டுப் பாருங்க.

"நான் யார்கிட்டயும் சொல்லலங்க. உங்ககிட்டதான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் கீரையிடம் போய் உட்கார்ந்தாள். நான் செருப்போடு நடுவீட்டில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். சரி விடுங்க என்றாள். ஆனால் விடவில்லை என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது என்பது பிறகு தங்கச்சி சொல்லித் தெரிந்தது. தோட்டத்துக்குப் போன முதல் நாளே என் தங்கச்சி ஒரு பெண்ணிடம், அக்கா நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை போடுவீங்க என்று சும்மா கேட்டிருக்கிறாள். அந்த அக்கா, எனக்கு ஏதுமா மூட்டை, எல்லாம் அவர் பேர்லதான் என்று சொல்லிவிட்டுப் பழம் பொறுக்கப் போய்விட்டார். விஷயம் அவ்வளவுதான். கண்டுபிடித்தது மாப்பிள்ளைகூட இல்லை. கண்டுபிடித்தவள் பெயரை அவர் முதலில் போட்டிருந்தார். அதைத்தான் நான் பயம் என்று நினைத்துக் கேலி செய்தேன்.

மூன்று வருட வேலை அவர்களுக்குப் போனது. இருபத்தேழு பேருக்கும் வேலையும் வீடும் தங்கின. இப்போது மண்டோர்களின் போனில் ஒரு மூட்டைக்கு இரண்டு பெயர் பதியலாம் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம்தான். அதை நான் செய்திருக்க வேண்டும் என்று நினைக்காமல் அந்த நல்ல காரியத்தை என்னால் இன்றுவரை நினைக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளையும் தங்கச்சியும் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்தபின் மாப்பிள்ளை என் மனைவியைப் பார்த்து, தோட்ட விவரம் மலையாகக் குவிகிறது, சுத்தம் செய்ய ஆள் வேண்டும், நீ வர முடியுமாம்மா என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நான் பெரிய மனிதனாகச் சம்மதம் கொடுத்து, அப்படியாவது கொஞ்சம் உயர்ந்திருப்பேன். அந்த வாய்ப்பும் இல்லை. அவள் யோசித்துச் சொல்கிறேன் அண்ணே என்றாள்.

அடுத்த நாள் காலையில் தைப்பிங் கம்பெனி ஒன்றுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த திட்டத்தின் முதல் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்தேன். என் பெயருக்கு மேலே போட்டேன். எழுத்தையும் ஒரு அளவு பெரிதாகப் போட்டேன். காப்பி கொண்டுவந்தவளிடம் திரையைக் காட்டினேன். நின்று நிதானமாகப் படித்தாள்.

"நல்லா இருக்குங்க. ஆனா இதுக்கு நான் செய்ய நேரம் இருக்காதே. அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து அங்க போறேன். ராத்திரியே அண்ணேகிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் காப்பியை ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை தங்கச்சி காரோடு வந்து நின்றாள். மனைவி பேங்கில் வேலை பார்த்த காலத்துக் கைப்பையைத் தூசி தட்டி எடுத்திருந்தாள். அவளைக் கொண்டுபோகும் அந்தக் காரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்மேலா, தங்கச்சிமேலா, என்னை விட்டுவிட்டு அவ்வளவு லேசாக ஏறிய அவள்மேலா. உள்ளே வந்து தைப்பிங் கோப்பைத் திறந்து நானே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரிசை போட்டேன். மத்தியானம்வரை பார்த்தும் அதில் எழுத எனக்கு ஒரு கேள்விகூட அகப்படவில்லை.

போன மாதம் அவர்களுடைய முதல் அறிக்கை வெளியானது. மாப்பிள்ளை வீட்டில் என் மகன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது தங்கச்சி அதைப் போனில் எடுத்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் மூன்று பெயர். முதலாவது என் மனைவியுடையது. அவள் பெயரோடு என் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடியது. போனை வாங்கிப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் மாறாத அடையாள அட்டையில் உள்ளபடி, அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர் இருந்தது.